பதினான்காம் எண் பையன்

போன மாதம் ஒரு காலை. கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பார்க்கர் அண்ணன் வந்து நின்றார்.

"ஏலே, எங்க பூட்டன் கல்லு ஒண்ணு கெடக்கு. எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. திரும்ப வெட்டித் தரணும்."

"எப்ப வேணும்ணே?"

"கல்லறைத் திருநாளுக்குள்ள. அதுக்கப்புறம்னா கல்லே இருக்காது."

இதழ்தோறும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். கல்லில் எழுத்து வெட்டுகிறேன். வீட்டுக்குப் பெயர்ப்பலகை, கட்டடத்துக்கு அடிக்கல், கல்லறைக்குக் கல். பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிடத் தோதான வேலை எது? என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

பார்க்கர் அண்ணன் அந்தப் பாதியைச் சேர்ந்தவர் இல்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். முழுப் பெயர் சாமுவேல் பார்க்கர்; இங்கிலீஷில் Barker. வீடு பேகம்பூரைத் தாண்டி. டீக்கடையில் அவரைக் கண்டால் ஒரு குரல் நிச்சயம் வரும்.

"என்ன தொர, லண்டனுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

அவர் கோபப்பட மாட்டார். ஏனென்றால் தொரை என்று முதலில் சொன்னவரே அவர்தான். தன் தாத்தாவுக்கு அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரை வழி என்று அவர் சொல்லி நானே பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். ஆதாரம்? பெயர். வேறென்ன வேண்டும்? ஜேம்ஸ் பார்க்கர் என்று இங்கிலீஷில் வெட்டிய கல் ஒன்று பழைய கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிறது. வருஷா வருஷம் அதற்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறது அவர் குடும்பம்.

இப்போது அந்தக் கல்லுக்குத்தான் ஆபத்து. தோட்டத்தில் இடம் இல்லை. சபை கமிட்டி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. பழைய கல்லறைகளுக்கு உரியவர்கள் திருநாளுக்குள் வந்து உறவுமுறையை எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவேட்டோடு அது ஒத்துப்போக வேண்டும். யாரும் வராத கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள்.

கல் போனால் போகட்டும் என்று அண்ணனால் விட்டுவிட முடியாது. அவருடைய அக்கா இருக்கிறார்.

எஸ்தர் அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில்தான் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அப்பாவையும் அம்மாவையும் வேறு ஊர்களில் அடக்கம் செய்தாயிற்று. அதனால் அக்கா எப்போதோ முடிவு செய்துவிட்டார். தனக்கு அந்த வேப்பமரத்தடிதான். குடும்பக் கல் பக்கத்தில்தான்.

"புதுப் பக்கம் மொட்ட வெயிலு" என்பார். "செத்தப்புறமும் வேர்க்கணுமா?"

ஆக, கல் இருந்தால் அக்காவுக்கு இடம். கல் போனால் வெயில். விஷயம் இவ்வளவுதான்.

அளவெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. புது எழுத்தோடு பார்க்கர் என்ற பெயரின் அர்த்தத்தையும் ஒரு வரி வெட்டிவிட்டால் என்ன? பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில். உரக்க.

"பாப்பா, நம்ம பேருக்கு என்னம்மா அர்த்தம்? நெட்டுல பாத்துச் சொல்லு."

"அதெல்லாம் எப்பவோ பாத்துட்டேன்பா. ஆபீஸ்ல கேக்குறாங்கல்ல…" என்றாள் மகள். "மரப்பட்டை உரிக்கிறவங்கப்பா. ஓக் மரத்துப் பட்டையை உரிச்சு, இடிச்சு, அதுல தோல ஊறப்போடுவாங்களாம். தோல் பதனிடுறவங்க. டேனரி வேலை."

அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நான் உளிகளை அடுக்கினேன். பேகம்பூர் பக்கம் வீடு வைத்திருப்பவருக்கு டேனரியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. காற்று திரும்பினால் மூக்கு சொல்லிவிடும். ஆவாரம்பட்டையைக் கட்டுக் கட்டாக ஏற்றிப்போன வண்டிகளை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

"அப்ப லண்டன்லயும் இதே நாத்தந்தானா?" என்றார் அண்ணன்.

"இன்னொண்ணும் போட்டிருக்குப்பா. சில இடத்துல ஆடு மேய்க்கிறவங்கன்னும் அர்த்தமாம்."

"அது பரவால்ல. பைபிள்ல வரும்."

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அர்த்தம் வேணாம். பேரு மட்டும் வெட்டு."

அன்று முழுக்க எனக்கு இதே நினைப்பு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஊருக்குப் பத்து ஜான் இருந்திருப்பார்கள். எந்த ஜான்? மாவு அரைக்கிற ஜானா, ரொட்டி சுடுகிற ஜானா, பட்டை உரிக்கிற ஜானா? அடையாளத்துக்குச் சொன்னது, எவனோ வரிக் கணக்கில் எழுதி வைத்ததும் வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது. மகன் வக்கீல் ஆனாலும் பட்டை உரிக்கிறவர்தான். பேரன் பாதிரியார் ஆனாலும் அதேதான்.

நம் பக்கம் நேர் எதிர். அப்பாவின் பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கி மகனுக்கு முன்னால் நிற்கும். பேரன் வந்ததும் அந்த எழுத்தும் கிளம்பிவிடும். முப்பது வருஷமாக இனிஷியல் வெட்டுகிறவன் சொல்கிறேன் — ஒரு முழு ஆள் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடுகிறார். உங்கள் பூட்டனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

பார்க்கர் அண்ணனுக்குத் தெரியும். அந்த வகையில் அவர் துரைதான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தோட்டத்துக்குப் போனோம். தேய்ந்த எழுத்தைப் படிக்க அதுதான் நேரம். வெயில் சாய்வாக விழும்போது கல்லில் இல்லாத எழுத்துகூட எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் மொட்டைதான். எனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூட அளவுதான். ஆனால் எழுத்தின் வடிவம் தெரியும். பொருள் தெரியாமலே படித்துவிடுவேன்.

சின்னக் கல். முழங்கால் உயரம்கூட இல்லை. தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்தேன். ஜேம்ஸ். அதற்குக் கீழே பார்க்கர். எஸ்தர் அக்கா வேப்பமரத்து வேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லின் அடிப்பக்கம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எந்தக் கல்லும் நூறு வருஷத்தில் கொஞ்சம் இறங்கும். அடியில் ஒரு வரி இருந்தால் அதையும் சேர்த்து வெட்டிவிடலாமே என்று கரண்டியால் மண்ணை எடுத்தேன். வரி இருந்தது. மண்ணுக்குள் கிடந்ததால் தேயாமல், நேற்று வெட்டியதுபோல் இருந்தது.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அக்கா எழுந்து வந்து சேர்த்துப் படித்தார்.

"வயது ஒன்பது."

 அண்ணன் குனிந்து வரியை விரலால் தடவினார்.

"தொண்ணூறா இருக்குமோ? ஒரு எழுத்து போயிருக்கும்ல?"

"இல்லண்ணே. எண்ணுல இல்ல, எழுத்துல போட்டிருக்கு. ஒம்பதுதான்."

ஒன்பது வயதில் செத்தவனுக்குப் பேரன், கொள்ளுப்பேரன் எப்படி? நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு குடும்பம் மாலை போட்டுக் கும்பிட்டது யாரை?

சபை ஆபீஸில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர் தேவராஜ். நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப விடுதிப் பதிவேட்டுல பாக்கணும்" என்று ஒரு துணி அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்தார். கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. நல்லவேளை, காலியான மூலை.

பஞ்ச காலம். தாய் தகப்பன் இல்லாமல் ரோட்டில் நின்ற பிள்ளைகளை மிஷன் விடுதியில் சேர்த்த பதிவேடு அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். பிறகு வைத்த பெயர், பழைய பெயர், ஊர், சாதி, செலவை ஏற்றவர் என்று கட்டங்கள். இங்கிலீஷ் எழுத்து மங்கிக் கிடந்தது. கண்ணாடி மாட்டியும் அக்காவுக்குத் தெரியாத இடங்களை நான் வடிவம் பார்த்துச் சொல்ல, அவர் அர்த்தம் சொன்னார்.

பதினான்காம் எண். ஜேம்ஸ் பார்க்கர். பழைய பெயர் வீரன். வத்தலக்குண்டு பக்கத்துக் கிராமம். வயது ஒன்பது. அந்த வரியின் மேல் ஒரு கோடு. ஓரத்தில், காய்ச்சலில் இறந்தான் என்று குறிப்பு.

அடுத்த வரியில் பதினைந்து இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. மறுபடியும் பதினான்கு. மறுபடியும் ஜேம்ஸ் பார்க்கர். பழைய பெயர் மாயாண்டி. சிறுமலை அடிவாரம். வயது எட்டு.

"இதுதான் ஒங்க பூட்டன்" என்றார் தேவராஜ். "கல்லுல இருக்கிறவன் வேற பையன்."

"ரெண்டு பேருக்கும் எப்படிய்யா ஒரே பேரு?"

"ஸ்பான்சர்ணே. அங்கிட்டு இருக்கிற ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்குச் சோறு, துணி, படிப்பு எல்லாம் ஏத்துக்கும். அவங்க சொல்ற பேரப் பிள்ளைக்கு வைப்பாங்க. அந்தப் பிள்ளை செத்துட்டா, அடுத்து வர்ற பிள்ளைக்கு அதே நம்பரு, அதே பேரு. பேரு பிள்ளைக்கு இல்லண்ணே… நம்பருக்கு."

செலவை ஏற்றவர் என்ற கட்டத்தில் இரண்டு வரியிலும் ஒரே குறிப்பு. இங்கிலாந்தில் உள்ள பார்க்கர் குடும்பத்தார், இறந்துபோன தங்கள் மகன் ஜேம்ஸின் நினைவாக.

அதாவது முதல் ஜேம்ஸ் இங்கிலாந்தில் இறந்துபோனான். அவன் பெயர் கப்பலேறி வந்தது. வத்தலக்குண்டுப் பையன் கொஞ்ச நாள் அதைச் சுமந்தான். அவனும் போனான். மூன்றாவதாகச் சிறுமலைப் பையனிடம் வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். படித்து, வாத்தியாராகி, ஐந்து பிள்ளை பெற்று, எல்லாருக்கும் பார்க்கர் என்று போட்டான்.

"அப்ப எங்க பூட்டன் எங்கய்யா கெடக்காரு?"

"அவர அடக்கம் பண்ணுன காலத்துப் பதிவேட்டைக் கரையான் முழுசாத் தின்னுருச்சுண்ணே."

பார்க்கர் அண்ணனை நான் அப்போதுதான் கவனித்தேன். பதிவேட்டைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் ஒரு கட்டத்தின் மேல் இருந்தது. சாதிக் கட்டம். இரண்டு வரியையும் சேர்த்து மறைத்திருந்தது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பக்கத்தைச் சரியாகப் பார்க்க தேவராஜ் புத்தகத்தை இழுத்தபோதும் விரல் கூடவே போனது. விரல் வருவதற்கு முன்பே அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்த்துவிட்டேன். இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வரியிலும் இருந்தது ஒரே சாதி இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேவராஜ் விண்ணப்பத் தாளை எடுத்து வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கமிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"என்னண்ணே எழுத? உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு. பதிவேட்டுல ஒண்ணு இருக்க, நான் வேற ஒண்ண எழுத முடியாது. உறவு இல்லைன்னா அந்த எடம் பொதுவுக்குப் போயிரும்."

அண்ணன் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "விட்டுரலாம்க்கா. ஒனக்குப் புதுப் பக்கம் நல்ல எடமாப் பாத்து வாங்குவோம். அவனும் நாமளும் ஒண்ணில்ல."

"எதுல?" என்றார் அக்கா.

 அண்ணனின் விரல் சாதிக் கட்டத்தை விட்டு அசையவில்லை.

அக்கா அதைப் பார்த்தார். நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். ஆளைத் தொடாமலே எங்கே வலி என்று கண்டுபிடிக்கிறவர்.

"ஏலே சாமுவேலு. வெள்ளக்காரனும் நாமளும் ஒண்ணுன்னு இம்புட்டு நாளு ஊரெல்லாம் சொன்னியே. அதுக்கு எந்தக் கட்டத்தப் பாத்த?"

நான் தரையைப் பார்த்தேன். தேவராஜ் பேனா மூடியைத் திருகினார். திறந்தார். திருகினார்.

"நீ எழுது அப்பு" என்று அக்கா தேவராஜிடம் திரும்பினார். "எங்க பூட்டனுக்கு மூத்தவன்னு எழுது."

"எந்த வகையில மூத்தவன்க்கா? கமிட்டில கேப்பாங்க."

"அவன் தட்டுல இவன் சாப்ட்டான். அவன் பாய்ல இவன் படுத்தான். அவன் சட்டையும் இவனுக்குத்தான் வந்திருக்கும். பேரும் வந்துச்சு. ஒரு வீட்டுல அண்ணங்கிட்ட இருந்து தம்பிக்கு வர்றது வேற என்ன இருக்கு? நீ சொல்லு."

தேவராஜுக்கு அண்ணன்மார் மூன்று பேர். அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுல டவுசரு நாலாவது கை."

"அம்புட்டுத்தான். எழுது."

எழுதினார். உறவுமுறை: குடும்பத் தலைவர் ஜேம்ஸ் பார்க்கருக்கு மூத்தவர், விடுதி எண் பதினான்கு. அடியில் கையெழுத்துப் போடச் சொல்லி, குடும்பத்து ஆண் என்ற முறையில் அண்ணன் பக்கம் தாளைத் தள்ளினார்.

அண்ணன் உடனே வாங்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்காவின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடம் கட்டிபோல் புடைத்திருக்கும். அதைப் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார்.

பேனா பிடிக்கக் கட்டைவிரல் வேண்டும். எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தார்.

சாமுவேல் பார்க்கர் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார். வழக்கமாக எஸ் என்று ஒரு எழுத்தோடு நிறுத்துகிறவர்.

கமிட்டிக்கு நான் போகவில்லை. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போனால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தேவராஜ் வந்து சொன்னார். ஒருவர் எழுந்து, பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக இடம் கொடுப்பதா என்று கேட்டாராம். அதற்கு இன்னொருவர், அந்தக் கல்லுக்கு இவர்களைத் தவிர வேறு யாராவது மாலை போட்டதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். யாரும் பார்த்ததில்லை. கல்லும் இடமும் பார்க்கர் குடும்பத்தின் பராமரிப்பில் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பழைய எழுத்தைக் கையால்தான் வெட்ட வேண்டும். புதுக் கிரானைட் என்றால் கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து ஸ்டிக்கர் ஒட்டி மணலைப் பீய்ச்சினால் அரை நாளில் வேலை முடியும். இந்தக் கல் அதைத் தாங்காது. யாரோ ஒரு கொத்தன், இங்கிலீஷ் தெரியாமல் வடிவம் பார்த்து வெட்டியிருக்கிறான். எழுத்துகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை. அவன் வளைத்த இடத்தில் நானும் வளைத்தேன். அவன் தடுமாறிய இடத்தில் திருத்தவில்லை.

அக்கா இன்னொன்றும் கேட்டார். கல்லின் அடியில் ஒரு புதுப் பலகைக் கல் பதிக்க வேண்டும். அதில் தமிழில் வீரன் என்று வெட்ட வேண்டும். ஊர் பெயரும்.

"அவன் ஆத்தா அப்பன் கூப்ட்ட பேரு" என்றார். "ஒரு தடவையாச்சும் அவன் கல்லுல இருக்கட்டும்."

அண்ணன் நான் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி எழுத்து முடிந்ததும் கேட்டார். "மாயாண்டி… பேரு நல்லாத்தான் இருக்குல்ல?"

"நல்லா இருக்குண்ணே."

டீக்கடையில் இன்னும் தொரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் லண்டன் கதையை இப்போது சொல்வதில்லை. போன வாரம் ஒருவர் வம்புக்கு இழுத்தபோது, "நமக்கு வத்தலக்குண்டுலயே ஒரு அண்ணன் இருக்காருய்யா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாராம்.

திருநாளுக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் பலகைக் கல்லில் வீரனுக்குக் கீழே ஒரு முழம் வெற்றிடம். அக்காதான் தனக்கென்று அளந்து விடச் சொன்னார். டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது என் கடையில் நிறுத்தி, சிறுமலை வாழைப்பழம் நாலு கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்கிறார்.

"அவசரமில்ல அப்பு. நீ மத்த வேலையப் பாரு."

நான் மற்ற வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.